பசைப் பொட்டு

எங்கள் வீட்டு போர்ச்சில் காடி, அதாவது கார், நின்று பல வருடம் ஆகிறது. காடி ரோட்டோரம் வெயிலில் காய்ந்து மழையில் நனைகிறது. உள்ளே, கூரைக்கு அடியில், விரிப்பைப் போர்த்திக்கொண்டு சொகுசாக இருப்பவை பழைய தையல் மெஷின்கள். வீட்டில் ரவிக்கை தைக்கிற சின்ன மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் ஓடிய முழு இரும்பு மெஷின்கள். ஒன்றை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஜீன்ஸ் தைத்தது ஒன்று, சப்பாத்து தைத்தது ஒன்று, மெத்தைக்கு விளிம்பு கட்டியது ஒன்று. ஸ்கூடாயில் எங்கள் வரிசைக் கடைசி வீட்டுச் சீனக் கிழவர், நாங்கள் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறோம் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

என் கணவர் ரூபேந்திரனுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம்தான் வந்து நிற்பார். ஆனால் பத்து பகாட் ஊரில் எந்தத் துணி ஃபேக்டரி மூடப்போகிறது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முன்னால் இவர் காதுக்கு வந்துவிடும். வார நாளெல்லாம் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணெண்ணெயும் தேய்ந்த பல் பிரஷ்ஷும். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, ஊறவைத்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, அன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்தது போல் ஆக்கிவிடுவார். பிறகு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம் என்று, இவரைப் போலவே பித்துப் பிடித்தவர்கள் கூடியிருக்கும் ஃபேஸ்புக் குழுவில் போடுவார். விற்க மாட்டார். தைக்கவும் மாட்டார். அழகாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

அவர் ஆசைப்பட்டும் கைவைக்க முடியாமல் இருந்தது ஒரே ஒரு மெஷின். அது அவருடைய அக்கா தனலெட்சுமியிடம் இருந்தது.

அக்கா உலு திராமில் தனியாக இருக்கிறார். முன்பு பை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. அது மூடியபோது, தான் ஓட்டிய மெஷினையே விலை பேசி வாங்கி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாமா இறந்த பிறகும் அந்த மெஷின் அக்காவை யாரிடமும் கைநீட்ட விடவில்லை. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக் கடைக்காரர்களுக்குக் கூடாரத் துணி, லாரிக்கு மூடும் கான்வாஸ், மோட்டார்சைக்கிள் சீட் உறை என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

மகன் ஹேமநாதன், எங்களுக்கு ஹேமா, ஷா ஆலாமில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பையன். அம்மா தனியாக இருப்பது அவனுக்கு மனசுக்குச் சரிப்படவில்லை, பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவான். அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"இந்த மெஷின் ஓடுற வரைக்கும் நான் என் வீட்டுல இருக்கேன்யா. நின்னுடுச்சின்னா நீ சொல்ற எடத்துக்கு வந்துர்றேன்."

ஒரு தடவை என்னிடம் தனியாகச் சொன்னார். "அங்க போனா ஜன்னல் கம்பிய புடிச்சிக்கிட்டு நிக்கணும் பிரேமா. கீழ போறதுக்குக்கூட மருமக கூட வரணும். என்னால முடியாதும்மா." அக்காவைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். யார் தயவும் இல்லாமல் வாழ்கிற பொம்பளைகள் நம்மில் எத்தனை பேர்?

அந்த மெஷினைப் பார்த்தால் இவருக்குக் கை அரிக்கும். "ஒரு மாசம் குடுக்கா, புதுசாக்கித் தரேன்" என்று போகும்போதெல்லாம் கெஞ்சுவார். "ஓடுறத ஏன்டா நோண்டுற" என்று அக்கா வாயை அடைத்துவிடுவார்.

போன ஆவணியில் ஹேமநாதனுக்குக் குழந்தை பிறந்தது. மருமகளுக்குப் பத்தியம் பார்க்க அக்கா ஷா ஆலாம் போனார். வீட்டுச் சாவி எங்களிடம். இவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குள் முடித்து, அக்கா திரும்பி வரும்போது பூவும் பொட்டுமாக மெஷினை நிறுத்திக் காட்ட வேண்டும் என்றார்.

மெஷின் வந்து இறங்கிய ஞாயிறன்று நானும் பக்கத்தில் இருந்தேன். மேல் தட்டில், ஊசியின் வலது பக்கம், மஞ்சளாக இறுகிப்போன பசைத் துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் அரத்தால் ராவிய பள்ளங்கள். மேசைக்கு அடியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பழைய மோட்டார். சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கிற வரை, தைத்தாலும் தைக்காவிட்டாலும், உறுமிக்கொண்டே இருக்கும். மேசையே அதிரும்.

"பாரு பிரேமா, எவனோ கிறுக்கன் கையில மாட்டியிருக்கு" என்றார். "பசைய ஊத்தி வச்சிருக்கான். சக்கரத்த வெட்டி வச்சிருக்கான். அக்கா பாவம், இத வச்சிக்கிட்டு எப்படித்தான் சமாளிச்சிச்சோ."

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யலாம்லங்க."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். முடிச்சிக் குடுத்தா வாயடைச்சிப் போயிரும் பாரு."

வழக்கம்போல முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். பிறகு உளியால் அந்தப் பசைத் துளிகளைத் தட்டினார். அவை ஒவ்வொன்றாகத் தெறித்துப் பழைய பேப்பரில் விழுந்தன. நான்தான் அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். சக்கரத்தைக் கழற்றி வீசிவிட்டு வேறு நல்ல சக்கரம் மாட்டினார். உறுமுகிற மோட்டாரை யோங் பெங்கில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மணியத்திடம் தள்ளிவிட்டு, புது மாதிரி மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். அது மிதியை அழுத்தினால்தான் சுற்றும். மற்ற நேரம் மூச்சே விடாது.

முடிந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, நானே மலைத்துப்போனேன். கறுப்பு பெயிண்ட் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. ஃபேஸ்புக்கில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இதுவரைக்கும் செய்ததிலேயே இது ஒன்றுதான் உருப்படியான வேலை என்று நானும் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் லார்க்கின் பஸ் நிலையத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டு உலு திராம் போனோம். மெஷினை முதல் நாளே கொண்டுபோய் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சாத்தியிருந்தோம். அக்கா வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார்.

"என்னடா, பெயிண்ட் வாசம் வருது?"

"உள்ள வந்து பாருக்கா."

அக்கா மெதுவாக வந்து மெஷின் மேல் கையை வைத்தார். இடது கை ஆள்காட்டி விரல் தட்டின் மேல் ஊசிப் பக்கமிருந்து வலதாகப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"இங்க ஒட்டியிருந்துச்சே."

"எல்லாத்தையும் சுரண்டி எடுத்திட்டேன். வழவழன்னு இருக்குல்ல?"

"சக்கரம்?"

"அது வெட்டுப்பட்டுக் கெடந்துச்சிக்கா. வேற மாத்திட்டேன். மோட்டாரும் புதுசு. சத்தமே வராது, சுவிட்ச் போட்டிருக்கிறதுகூடத் தெரியாது."

அக்கா மெஷின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கடா தம்பி" என்றார். ஆயுத பூஜை அன்று கருவிக்கு ஓய்வு, மெஷினை ஓட்டக்கூடாது. அதனால் அக்கா அதில் உட்காரவில்லை. பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருந்தால் நாங்கள் இருக்கும்போதே எல்லாம் தெரிந்திருக்கும்.

காடியில் வரும்போது இவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "அக்காவுக்குப் பிடிக்கல போல. ஒரு தடவகூட குனிஞ்சி பாக்கல" என்றார். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நான் சமாதானம் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நான் வேலை செய்கிற டைல்ஸ் கடைக்கு அக்காவின் பக்கத்து வீட்டு மலர் போன் செய்தாள். அக்காவின் விரலில் ஊசி இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். இவர் அக்கரையில், சிங்கப்பூரில், உடனே வர முடியாத இடத்தில். நான்தான் ஓடினேன். கான்வாஸ் தைக்கிற ஊசி. நகத்தைத் துளைத்து எலும்பு வரை போயிருந்தது. இடது கை ஆள்காட்டி விரல்.

கட்டுப்போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். அக்கா கையை நீட்டினார். கை கிளாஸுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிளாஸ் எங்கே என்று தேடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் இந்த வீட்டுக்கு வந்து போயும் இதைக் கவனிக்காத என்னை நினைத்து எனக்கே வெறுப்பாக வந்தது.

"அக்கா, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

அக்கா கொஞ்சம் சிரித்தார். "ஓரத்துல தெரியும்மா. நடுவுலதான் ஒன்னும் இல்ல. இனிப்பு நீர் வியாதி தின்னுடுச்சி. நீ நேரா நின்னா ஒன் மூஞ்சி தெரியாது, தோடு தெரியும்."

"எத்தன நாளா?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் போச்சு. முழுசாப் போறதுக்குள்ள நான் ஏற்பாடு பண்ணிக்கிட்டேன்."

அந்த ஏற்பாடு என்ன என்று அக்கா ஒவ்வொன்றாக விளக்கினார். பசைத் துளிகள் அக்கா தானே வைத்துக்கொண்ட பொட்டுகள். ஊசிக்குப் பக்கத்தில் இருந்தது ஓரத்தை மடித்துத் தைக்க, அடுத்தது கூடாரத் துணிக்கு, கடைசியில் இருந்தது லாரி கான்வாஸுக்கு. துணியின் ஓரத்தை எந்தப் பொட்டோடு சேர்த்து ஓட்டுகிறோமோ அந்த அளவுக்குத் தையல் நேராக விழும். சக்கரத்தில் இருந்த பள்ளத்தைக் கட்டை விரலால் தொட்டால் ஊசி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியும். மோட்டார் உறுமினால் மெஷின் உயிரோடு இருக்கிறது, கையைத் தள்ளி வை என்று அர்த்தம். அன்றைக்கு நூல் கோக்கும்போது உறுமல் இல்லை. அணைத்துவிட்டோம் என்று நினைத்து விரலை ஊசிக்கு அடியில் வைத்திருக்கிறார். கால் மிதியின் மேல் இருந்திருக்கிறது.

"வேற விரல வச்சி பழகிக்கலாம்லக்கா?"

"மத்ததெல்லாம் கான்வாஸ் இழுத்து இழுத்து காச்சிப் போச்சு. கொஞ்சம் மரத்தும் போச்சு. இது ஒன்னுதான் எனக்குக் கண்ணு மாதிரி இருந்துச்சி. ஆறிடும், ஆறுனதும் பாத்துக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஹேமாகிட்ட சொல்லிடாத பிரேமா. தெரிஞ்சா நாளைக்கே காடிய எடுத்துக்கிட்டு வந்து நிப்பான். தம்பிக்கும் தெரிய வேணாம். ஆசையா செஞ்சான்."

ஹேமாவிடம் சொல்லவில்லை. ஆனால் இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க நான் அக்கா இல்லை. வேலை முடிந்து வந்து பைக்கை நிறுத்தியவரை போர்ச்சிலேயே பிடித்து நிறுத்தி, அந்த மெஷின்களுக்கு நடுவிலேயே வைத்துச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன ஜோசியக்காரனா?" என்று கத்தினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அழுக்குன்னு நெனச்சேன் பிரேமா" என்றார். நான் அந்த ஹெல்மெட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

விரல் லேசில் ஆறவில்லை. இனிப்பு நீர், சர்க்கரை உள்ள உடம்பு, சீழ் வைத்தது. இரண்டு தடவை கிழித்துச் சுத்தம் செய்தார்கள். விரலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்.

இந்தப் பக்கம் இவர், மெஷினை மறுபடி எங்கள் போர்ச்சுக்கே கொண்டுவந்து, தான் செய்ததையெல்லாம் திருப்பிச் செய்ய ஆரம்பித்தார். யோங் பெங்குக்குப் போனால் மணியம் அந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். பாகங்களை மைலோ டின்னில் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி பூட்டி, அதே உறுமல் வருகிற வரை விடவில்லை. வீசிய சக்கரத்தைக் காணவில்லை. மாட்டிய சக்கரத்தை எடுத்து, முன்பு எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, அதே இடங்களில் அரத்தால் ராவினார். தான் இழைத்து இழைத்து அடித்த பெயிண்டைத் தானே சுரண்டினார். படத்தைப் பெரிதாக்கி அளந்து, அதே பசையில் பொட்டு வைத்தார். காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் தட்டி எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். மற்ற மெஷின்கள் பக்கமே போகவில்லை. ஃபேஸ்புக் குழுவில் போட்ட படத்தையும் எடுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த ஒரு முறை இது சரியாக அமைந்துவிடட்டும், வீடு முழுக்க மெஷினை நிரப்பினாலும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

கட்டு பிரித்த அடுத்த ஞாயிறு மெஷினை அக்கா வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். இவருக்கு எல்லாம் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, மேசை அதிர்ந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வந்திருச்சி" என்றார்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். வலது கைக் கட்டை விரல் சக்கரத்தில் பள்ளத்தைத் தேடியது, கண்டுபிடித்தது. தலையை ஆட்டினார். பிறகு இடது கையைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தார். விரல் நுனி வெளுத்து, தழும்பேறி, ஒரு பக்கம் சப்பிப் போயிருந்தது. இவர் மறுபக்கம் நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றதால் விரலைப் பார்த்தேன்.

விரல் ஊசிப் பக்கமிருந்து வலதாக நகர்ந்தது. முதல் பொட்டின் மேல் ஏறி இறங்கியது. நிற்கவில்லை. இரண்டாவது பொட்டையும் தாண்டியது. கடைசிப் பொட்டையும் தாண்டித் தட்டின் விளிம்பு வரை போய்விட்டது. அக்கா அதைத் திரும்பக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடி தேடினார். நடுவிரலாலும் ஒரு தடவை தேடினார். டாக்டர் காப்பாற்றிய விரல் கையில் இருந்தது. அதில் உணர்ச்சி இல்லை.

"சரியா இருக்காக்கா?" என்றார் இவர். "இல்லன்னா சொல்லு, மறுபடி வைக்கிறேன். எத்தன தடவ வேணாலும் வைக்கிறேன்."

அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த இடத்தில் பொட்டே இல்லை, வெறும் இரும்பு.

"இதேதான்டா" என்றார் அக்கா. "இம்மி பிசகல. எப்படிடா வச்ச?"

இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரித்தார், இத்தனை வாரத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "போட்டோ எடுத்து வச்சிருந்தேன்லக்கா" என்றார். "இரு, சாமானெல்லாம் காடியில ஏத்திட்டு வந்துர்றேன். அப்புறம் நீ ஒரு கான்வாஸ் ஓட்டிக் காட்டணும்."

"மொதல்ல நீ போய் பசியாறிட்டு வாடா. முனை கடையில ரொட்டி சானாய் நல்லா இருக்கும். எனக்கும் ரெண்டு கட்டிட்டு வா. மெதுவாவே வா."

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாமான்களை ஏற்றும் சத்தம் கேட்டது. கூடவே சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அக்கா, அங்க பொட்டு இல்ல" என்றேன்.

"தெரியும்மா." கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஹேமாவுக்கு போன் போட்டுக் குடு. வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றேன். பேரப்புள்ளய பாக்கணும்போல இருக்குன்னு தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போனை எடுத்தேன். மெஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஹேமாவுக்குச் சரியாகக் கேட்காதே என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஓரப் பார்வையில் என் கை நகர்ந்தது தெரிந்திருக்கிறது.

"அணைக்காத" என்றார். "அவன் வெளிய இருக்கான்ல. நான் தச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிக்கட்டும்."